நாலு மணி ஐம்பது நிமிடம்

ப்ரெமனில், ட்ராம் திரும்பும் முனையில்,
மூன்றாம் மாடியில் என் மேசை.
திரையில் பூமி ஓர் ஆரஞ்சுப்பழ அளவு.
சுற்றிலும் இருபத்துநாலு புள்ளிகள்
எறும்புகளைவிட ஒழுங்காக.

எல்லாமே துருவத்தைத் தாண்டிப் போகட்டும்
என்றுதான் முதலில் வரைந்தேன்.
அப்படிப் போகும் பாதைகள்
உச்சியில் கூடையின் அடிப்பாகம்போல்
நெருங்கிப் பின்னிக்கொள்ளும்.
வடக்கின் எந்த மூலைக்கும்
மூன்று மணிக்கொரு ராடார் பார்வை.

மார்ச்சில் கூட்டம்.
கோதுமையைப் பார்க்க வேண்டியவர்கள்,
துறைமுகத்தைப் பார்க்க வேண்டியவர்கள்,
வெள்ளம் வருமுன் அதற்கு விலை போட வேண்டிய
காப்பீட்டுக்காரர்கள்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
பிஸ்கட்கூட நன்றாக இருந்தது.
பாதியைச் சாய்த்துவிடலாம் என்றார்கள்,
ஐம்பத்துமூன்று பாகைக்கு.
மேலே தலைக்கணக்கு குறைவாம்.
ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினேன்.
ஆரஞ்சின் உச்சி வெளிறியது.
சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஒன்றரை வருடம். ராக்கெட். கைதட்டல்.

அப்புறம் உபெர்னாவிக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
அனுப்பியவள் நாசுங்குவாக்.
பனிப்படத்தை அச்சிட்டு
கடைக் கதவில், மீன் விலைக்குப் பக்கத்தில், ஒட்டுகிறவள்.

"செவ்வாயன்று காலைப் படம் வந்தது.
அடுத்தது மாலையில்.
இடையில் காற்று திரும்பிவிட்டது.
யெரேமியாஸின் சறுக்குவண்டி வந்து சேர்ந்தது.
நாய்களில் இரண்டு வரவில்லை.
நேரத்தை யார் மாற்றியது?
புகார் அல்ல. கதவில் எழுத
ஒரு பெயர் வேண்டும்."

கூடவே கதவின் புகைப்படம்.
எங்கள் படத்தில் கருப்பாக இரண்டு திட்டுகள்.
பேனாவால் ஒன்றின்மேல் 'பனி',
மற்றதன்மேல் 'தண்ணீர்'.
எனக்கு இரண்டும் ஒரே கருப்பு.
வழவழப்பான புதுப்பனியும் அசையாத நீரும்
ராடார் அலையைத் திருப்பித் தருவதில்லை,
எங்கோ வழுக்கவிட்டுவிடும்.
எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.
போய்ப் பார்த்தார், என்று பதில் வந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.

வானத்தில் ஒரு கோணல் நியாயம் உண்டு:
முன்னால் போகிறவனை எட்ட வேண்டுமென்றால்
பிரேக் போட வேண்டும்.
வேகம் குறைந்தால் சற்றே இறங்குவாய்,
இறங்கினால் வட்டம் சிறுக்கும்,
சிறுத்த வட்டத்தில் நீ முந்துவாய்.
பிறகு மறுபடி ஏறி நின்றுகொள்ளலாம்,
ஒன்றுமே நடக்காததுபோல.

பதினேழாம் எண்ணை இறக்கினேன்.
பத்தொன்பது நாள் அது நழுவி நழுவி முன்னேறியது.
கரைந்த எரிபொருள் கொஞ்சம்தான்;
அதன் ஆயுளில் ஏழு மாதம்.
காரணம் எழுதும் கட்டத்தில்
'இரண்டு நாய்கள்' என்று எழுதி, அழித்து,
'வடக்குச் சேவை மேம்பாடு' என்று எழுதினேன்.

ஏழு மணி நேர இடைவெளி
நாலு மணி ஐம்பது நிமிடமாயிற்று.
அதற்குக் கீழே போகாது.
பாதையையே நிமிர்த்த
எந்தத் தொட்டியிலும் எரிபொருள் இல்லை.
சாய்த்தது சாய்த்ததுதான்.

இதையெல்லாம் நாசுங்குவாக்குக்கு எழுதினேன்,
கடைசியில் என் பெயரையும்.

வசந்தத்தில் இன்னொரு புகைப்படம்.
அதே கதவு. மீன் விலை ஏறியிருக்கிறது.
படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்:

*ஃப்ரௌக்கே: 10.40 முதல் 15.30 வரை.
முனையைத் தாண்ட வேண்டாம்.*

அவர்கள் மொழியில் இப்போது அப்படித்தானாம்.
'ஃப்ரௌக்கே முடியட்டும், கிளம்பலாம்.'
'அண்ணன் ஃப்ரௌக்கேயில் மாட்டிக்கொண்டான்,
படகைத் தயாராக வை.'

ட்ராம் திரும்புகிறது, சன்னல் அதிர்கிறது.
மணி பதினொன்று ஆகப்போகிறது.
அங்கே யாரோ காப்பி போடுகிறார்கள்
என் பெயரைச் சொல்லிக்கொண்டு,
நான் முடிவதற்காக.